லாரல் இலையும் பட்டுப்பெட்டியும்

"எப்படி இருக்குது, சொல்லு" என்று சுகாசினி சென்ட்டில் நனைத்த ஒரு காகிதப் பட்டையை நாத்தனார் ஷாரோனின் மூக்கருகே நீட்டினாள்.

ஷாரோன் கண்ணை மூடி முகர்ந்தாள். "பசிக்குது அண்ணி."

"விளையாடாத."

"சத்தியமா. பிரியாணிக்கு எண்ணெய் காயவச்சு, பிரிஞ்சி இலை போட்ட மாதிரி இருக்குது."

சுகாசினி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்குப் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளி திருஞானசம்பந்தம் வருகிறார். கல்யாணப் புடவைப் பெட்டிகளில் வைக்க வாசனை அட்டை கேட்டிருந்தார். "மல்லியும் சந்தனமும் ஊரே வைக்குது. நீ புதுசா எதனா பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆர்டர் கிடைத்தால், விடியற்காலை நாலரைக்கு முசரவாக்கம் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்காகத் தூங்கி வழிந்துகொண்டு நிற்க வேண்டாம். வீட்டிலேயே சென்ட் கலந்து பிழைத்துக்கொள்ளலாம்.

புதுசுக்காகத்தான் லாரல் இலை எண்ணெய். வெளிநாட்டு சென்ட்டுகளில் போடுவார்கள், பச்சிலையும் கற்பூரமும் கலந்தாற்போல் இருக்கும் என்று படித்து வாங்கினாள். அது நம் பிரிஞ்சி இலைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

சரி, வாங்குகிறவர் வேறு யாராவதாக இருந்தால் சமாளிக்கலாம். திருஞானசம்பந்தம் எட்டு வருஷத்துக்கு முன்னால் தீட்சை வாங்கினவர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். கடை ஆட்கள் கறி சாப்பிட்டால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவரிடம் போய் பிரியாணி வாசனையை நீட்டினால் உருப்பட்ட மாதிரிதான். மறுபடி முதலிலிருந்து கலக்கலாமென்றால், இருந்த சந்தன எண்ணெய் முழுக்க இதிலேயே போய்விட்டது.

"ஒரு வாசனைய அமுக்கணும்னா அத விடப் பெருசா ஒண்ண மேல உக்கார வைக்கணும்" என்று கிராம்பு எண்ணெயை நாலு சொட்டு விட்டாள். மூக்கு மரத்துப் போகாமல் இருக்கக் காப்பித்தூளை ஒருமுறை முகர்ந்துகொண்டாள். "இப்ப?"

"தாளிச்சாச்சு அண்ணி."

காரத்தைத் தணிக்க ஏலக்காய் எண்ணெய் விட்டாள்.

"விருந்தாளிங்க வந்துட்டாங்க" என்றாள் ஷாரோன்.

ரோஜாவை வேண்டாமென்று சொன்னவர் உலகத்தில் உண்டா? இருந்த ரோஜா எண்ணெயை எல்லாம் கவிழ்த்தாள். ஷாரோன் இந்தத் தடவை பட்டையை வாங்கி மூக்கோடு ஒட்டிக்கொண்டாள்.

"மூடி போட்டு தம்மு கட்டியாச்சு. பச்சடி ஒண்ணுதான் பாக்கி."

அதற்குள் பக்கத்து வீட்டு செல்லியம்மாள் கையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள். "இன்னா சுகா, புதன்கிழமையும் அதுவுமா பிரியாணி? பையனுக்கு ரெண்டு கரண்டி குடும்மா."

"அது சென்ட்டு, அக்கா."

"குடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ. சென்ட்டாம்" என்று செல்லியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பத்து வருஷப் பழக்கம் அன்றோடு முறிந்தது.

சுகாசினி ஜன்னலைத் திறந்தாள், ஃபேனைப் போட்டாள், கடைசியில் வீடு முழுக்கச் சாம்பிராணி புகை காட்டினாள்.

"இப்ப வெறகு அடுப்புல செஞ்ச மாதிரி ஆயிடுச்சு அண்ணி."

வாசலில் கார் வந்து நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு திருஞானசம்பந்தம் இறங்கினார். பின்னால் டிரைவர் ஜெயக்குமார். நிலைப்படியில் கால் வைத்த முதலாளி அப்படியே நின்றார். அவருடைய மூக்கு விடைத்தது. சுகாசினிக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயா, மன்னிச்சுக்குங்க, நான் வேற..."

"அட்டையக் குடும்மா."

வாங்கி முகர்ந்தார். திருப்பி முகர்ந்தார். "சிவசிவா" என்றார். ஷாரோன் மெதுவாகச் சமையலறைப் பக்கம் நழுவினாள்.

"இதுல கறி, கொழுப்பு எதனா கலந்திருக்குதா?"

"ஐயோ, இல்லீங்க. எல்லாம் இலை, கட்டை, பூதாங்க. சுத்த சைவம்."

"எங்க வீட்டம்மா வந்து கேட்டாலும் இதையே சொல்லுவியா?"

"சொல்றேங்க."

"அப்ப எல்லாப் பெட்டிக்கும் இதையே போடு. எனக்குத் தனியா ஒரு சீசா. இப்பவே சட்டையில கொஞ்சம் அடிச்சு விடு."

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சுகாசினி அடித்துவிட்டாள். கக்கத்தையும் விடவில்லை. அவர் திருப்தியாகப் போய்க் காரில் உட்கார்ந்தார்.

சுகாசினிக்கு நம்பிக்கை வரவில்லை. சீசாவை வாங்கிக்கொள்ள நின்ற ஜெயக்குமாரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணே, ஐயாவுக்கு நெசமாவே புடிச்சிருக்குதா, இல்ல கிண்டல் பண்றாரா?"

"புடிக்காம இன்னாமா? எட்டு வருஷமா வாராவாரம் பிரியாணி துன்னுட்டு, வீட்டம்மாவுக்கு பயந்துக்கினு வண்டியிலயே சட்டை மாத்திக்கினு இருந்தாரு, பாவம்."