விமானியை இறக்கிவிட்ட கதை

"நடுராத்திரியில எதிரி எல்லைக்கு மேல பறக்குறா, சரி. வீட்டுல குழந்தையை யார் பார்த்துக்குறாங்கன்னு பதிப்பாளர் கேக்குறார்."

செருப்பைக் கழற்றிக்கொண்டே கணவர் சொன்னார். நாவலை எழுதியவள் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"அவளுக்குக் குழந்தையே இல்லையேங்க."

"ஏன் இல்லைன்னும் கேக்குறார்."

போர்க்காலத்துப் பெண் விமானிகளைப் பற்றிய நாவல். காய் நறுக்கும் மேடையில் கையகல இடம் பிடித்து, நாலு வருஷம் எழுதினாள். கதாநாயகி இன்ஜினை அணைத்துவிட்டு இருட்டில் தனியாக இறங்கும் கட்டத்தை எழுதிய அன்று சோறு அடிப்பிடித்தது. அதற்கும் திட்டு வாங்கினாள். அட்டையில் தன் பேரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

டைப் அடிப்பதும் பதிப்பகத்தில் கொடுப்பதும் கணவர் பொறுப்பு. பதிப்பகம் அவர் ஆபீஸ் போகிற வழியில்தான். "உனக்கெதுக்கு வீண் அலைச்சல்?" என்று அவரே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டார். இத்தனை அக்கறை அவருக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

விமானிக்கு ஒரு குழந்தை பிறந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு புருஷனும் வந்தான்.

"போர் நடக்குது, ஆம்பளை தொட்டில் ஆட்டிக்கிட்டு இருப்பானான்னு கேக்குறார்."

புருஷனை விமானத்தின் பின் இருக்கையில் ஏற்றினாள். இப்போது குழந்தை தனியாகிவிட்டது. மாமியாரை வரவழைத்தாள்.

"மருமக பறக்க மாமியார் சம்மதிச்சாங்களாமா?"

அதற்குத் தனியாக ஒரு அத்தியாயம் போயிற்று. மாமியார் மனசு இறங்குவதற்குள் இரண்டு நகரங்கள் எதிரி வசமாகிவிட்டன.

"புருஷன் பின்னாடி உட்கார்ந்தா நல்லாவா இருக்குன்னு கேக்குறார்."

இருக்கை மாறியது. அதோடு விட்டாரா? குண்டோடு சேர்த்து இரண்டு பேரை அந்த விமானம் தாங்காதாம். ஒருவர் இறங்கியாக வேண்டுமாம்.

"யார் இறங்கணும்?"

இதையெல்லாமா கேட்பாய் என்பதுபோல் அவர் பார்த்தார்.

விமானி இறங்கி, ஓடுபாதை ஓரமாக நின்று புருஷனுக்கு டார்ச் அடித்தாள். அதை எழுதி முடித்த கையோடு அவள் கணவர் முன்னால் போய் நின்றாள்.

"நானே ஒரு நடை போய்ப் பேசட்டுமா?"

"அவர் முன்கோபி. நாவலையே தூக்கிக் கடாசிடுவார். நீ திருத்திக் குடு, புத்தகம் தானா வரும்."

திருத்தினாள். கடைசித் திருத்தம் முடிந்த அன்று கணவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாத்திரை போட்டு அவர் அசந்து தூங்குகையில், காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள்.

பதிப்பகத்தின் வரவேற்பு மேஜையில் ஒரு பெண், புத்தம்புதுப் புத்தகம் ஒன்றைப் படித்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இவள் தயங்கித் தயங்கித் தன் கணவரின் பேரைச் சொல்லி, அவர் மனைவி என்றாள்.

அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். கையிலிருந்த புத்தகத்தின் பின்னட்டையில் கணவர் கன்னத்தில் கைவைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

"அடடா, சாரோட வீட்டம்மாவா! அந்தப் பொண்ணு இன்ஜினை அணைச்சிட்டு இருட்டுல தன்னந்தனியா இறங்குற இடத்துல அழுதுட்டேம்மா, ஒரு ஆம்பளையால எப்படிம்மா பொம்பளை மனசை இவ்வளவு அச்சு அசலா எழுத முடிஞ்சுது?"