காற்றில்லாமல் சுற்றிய காற்றாலை

மகனை நினைத்துப் பெருமைப்படும் அப்பா இருந்தால் போதும், ஒருவனுக்குத் தனியாக எதிரி தேவையில்லை. இதை நான் ராதாபுரம் பக்கத்துப் பொட்டல் ஒன்றில், கலெக்டர் முன்னிலையில் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், டிப்ளமோ முடித்துவிட்டு விக்கிரமசிங்கபுரத்தில் சும்மா இருந்தேன். (சும்மா என்றால் அப்படி ஒரு சும்மா. என்னைக் கண்டாலே அம்மா ரேஷன் பையை நீட்டுவாள்.) அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தும்போதே, "வேலை ஏதும் வந்துச்சாலே?" என்பார், ஏதோ பஸ்ஸில் வந்து இறங்க வேண்டிய விருந்தாளியை விசாரிப்பது மாதிரி.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. அரசாங்கம் நிலமும் மின்கம்பியும் தரும். திருநெல்வேலி நூல் வியாபாரி ஒருவர் காற்றாலை நடுவார். படித்துவிட்டுத் திரியும் பையன்களுக்கு அதில் வேலை. புகையில்லாத மின்சாரம், பூமிக்குச் சூடு குறையும் என்றார்கள். பூமி இருக்கட்டும், எங்கள் வீட்டில் சூடு குறைந்தால் போதும் என்று பயிற்சியில் சேர்ந்தேன். திறப்பு விழாவில் கலெக்டர் கையால் வேலை உத்தரவு என்று பேச்சு.

ஆனிக் கடைசியில் காற்றாலை தயார். உடனே திறந்துவிடலாம் என்றார் எங்கள் இன்ஜினியர்.

"ஆடியில எவனாவது நல்ல காரியம் தொடங்குவானாவே?" என்று கேட்டார் நூல் வியாபாரி முதலாளி. அதோடு பேச்சு முடிந்தது.

ஆடி முழுக்க அடித்த காற்றில் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, பிரேக் போட்டு நிறுத்திய காற்றாலைக்குக் காவல் இருந்தோம். ஆவணியில் கலெக்டருக்கு நேரம் ஒழியவில்லை. புரட்டாசி முதலாளி வீட்டம்மாவுக்கு ஆகாது. ஐப்பசியில் அருமையான முகூர்த்தம் கிடைத்தது. காற்றுதான் கிடைக்கவில்லை.

விழாவன்று பந்தல் தோரணத்தில் ஒரு மாவிலைகூட ஆடவில்லை. கலெக்டர் மேடையேறிவிட்டார். கன்ட்ரோல் அறையில் நான் மட்டும் இருந்தேன். முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"ஏலே, இன்னிக்கு இது சுத்தலேன்னா உங்கள்ல ஒருத்தனுக்கும் உத்தரவு கிடையாது, பாத்துக்க."

அவர் போனதும் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாளெல்லாம் எனக்கு நாசம்தான்.) பயிற்சியில் ஒன்று சொல்லித் தந்திருந்தார்கள். மின்சாரம் தயாரிக்கும் அதே இயந்திரத்துக்கு நாம் லைனிலிருந்து மின்சாரம் கொடுத்தால், அது மோட்டாராக மாறி இறக்கையைச் சுற்றிவிடும். சோதனை பார்க்க மட்டுமே அப்படிச் செய்வார்கள். நான் சுவிட்சைப் போட்டேன்.

சுற்றியது. பந்தலே கைதட்டியது. காற்று நமக்குத் தரும் கொடையைப் பற்றிக் கலெக்டர் பேச ஆரம்பித்தார். பந்தலுக்கும் அதே லைன்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. மேடை விசிறிகள் சோர்ந்தன. குழல்விளக்குகள் சிமிட்டிவிட்டு அணைந்தன. கடைசியில் மைக்கும் கரகரத்து ஓய்ந்தது. அப்போதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இங்கே லோ வோல்டேஜ் அன்றாட விஷயம்.

அந்த அமைதியில்தான், விழா பார்க்க வந்து கன்ட்ரோல் அறை ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அப்பா வாயைத் திறந்தார். அவருடையது மில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். ரகசியம் சொன்னாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"பாத்தீயளா அண்ணாச்சி" என்றார் பக்கத்து நாற்காலிக்காரரிடம். "தோரணத்துல ஒரு இலை அசையல. எம்மவன் காத்தே இல்லாம சுத்த விடுதான்."

பக்கத்து நாற்காலிக்காரர் மின்வாரியத்துப் பெரிய அதிகாரி. தோரணத்தைப் பார்த்தார். காற்றாலையைப் பார்த்தார். நின்றுபோன விசிறியையும் பார்த்தார்.

"அது எப்படிங்க சுத்தும்?"

"படிச்ச பிள்ளைல்லா. கரண்டு குடுத்தா சுத்துமாம். வீட்டுல சொல்லியிருக்கான்."

அதிகாரி எழுந்து என்னிடம் வந்தார். அவர் பின்னால் கலெக்டரும், அவர் பின்னால் முதலாளியும் வந்தார்கள். "ஏம் தம்பி, எங்க கரண்ட எடுத்துக் காத்தாடி விடுதீரோ?" என்று அதிகாரி கேட்டார். நான் சுவிட்சை அணைத்தேன். உடனே மைக் உயிர்பெற்று, பந்தலில் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பதை ஊருக்கே ஒலிபரப்பியது. கலெக்டரும் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. உத்தரவுகள் பெட்டிக்குள் திரும்பிப் போயின. என்னோடு பயிற்சி எடுத்த பையன்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாவும் நானும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். ஊர் நெருங்கும்போது, "எதுல சுத்துனா என்னலே? சுத்திச்சுல்லா" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த வருஷம் முதலாளியே ஆடியில் விழா வைத்தார். காற்றாலை ஜம்மென்று சுற்றியது. பந்தல் பறந்தது. கலெக்டர் கையிலிருந்து என் கைக்கு வரும் வழியில் என் உத்தரவும் பனைகளுக்கு மேலே பறந்துவிட்டது. அது இல்லாமலே வேலைக்குச் சேர்ந்தேன். இன்றுவரை காற்றாலையில்தான் வேலை.

ஆனால் வீட்டில் அதற்கு மரியாதை கிடையாது. கரண்ட் போய் விசிறி நின்றால் மனைவி, மக்கள் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"ஏலே, காத்து வரலலே. பைய சுத்த விடு."