பாரிஸ் மாமா சொன்ன டிக்கெட்

"சார், பாரிஸ்ல ஒவ்வொரு தடவையும் ரயில் டிக்கெட் எடுக்கணுமா, இல்ல வாரத்துக்கு மொத்தமா பாஸ் வாங்கிரலாமா?"

லிஃப்டுக்குள் சுயம்புலிங்கம் இப்படிக் கேட்டதும் கஸ்தூரிரங்கனுக்கு வியர்த்துவிட்டது.

சுயம்புலிங்கம் மேல்வீட்டுக்காரர். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி இசக்கியம்மாளோடு பத்து நாள் பாரிஸுக்குக் கிளம்புகிறார். மயிலாப்பூரின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பாரிஸ் பார்த்தவர் கஸ்தூரிரங்கன் ஒருவர்தான். குழந்தைகள்கூட அவரை 'பாரிஸ் மாமா' என்றுதான் கூப்பிடும்.

உண்மையில் அவர் பாரிஸ் போனதே இல்லை. போன மே மாதம், புறப்படுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் குடியிருப்போர் சங்கம் சால்வை போர்த்தி, கேசரி சாப்பிட்டு, வழியனுப்பு விழாவே நடத்தி முடித்திருந்தது. அத்தனை பேரிடமும் போகவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்ன தேதியில் பெட்டியோடு கிளம்பி, நங்கநல்லூரில் மைத்துனி வீட்டில் பத்து நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மனைவி வைதேகியோடு திரும்பி வந்தார்.

"பாஸ்தான். கண்ணை மூடிண்டு வாரப் பாஸ் வாங்குங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் தேடினார். வாரப் பாஸ் என்றைக்கு வாங்கினாலும் திங்கள் தொடங்கி ஞாயிறோடு முடிந்துவிடுமாம். இவர்கள் போய் இறங்குவதே சனிக்கிழமை.

மாடிக்கு ஓடினார்.

"பாஸ் வேண்டாம். மறுநாளே காலாவதி ஆயிடும். தனித்தனி டிக்கெட்டே எடுங்கோ."

"எம்புட்டு ஞாபகம் சார் உங்களுக்கு!" என்று சுயம்புலிங்கம் கைகூப்பினார். கஸ்தூரிரங்கன் தரையைப் பார்த்தார்.

இசக்கியம்மாள் நோட்டும் பேனாவுமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உள்ள போனப்புறம் டிக்கெட்ட என்ன செய்யணும் சார்?"

"கேட் தெறந்துட்டா அவ்வளவுதான். தூக்கிப் போட்டுடலாம்."

எழுதிக்கொண்டாள். "ரயில்ல சீட்டெல்லாம் என்ன நெறம்?"

"நீலம்."

"உள்ள என்ன வாசம் அடிக்கும்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "வெண்ணெய்" என்றார்.

"வெண்ணெய்" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள். கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொடுத்தாள். அதை வாங்கும்போது அவருக்குக் கை கூசியது.

கீழே வந்து மறுபடி தேடினார். வெளியே வரும்வரை டிக்கெட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமாம். பரிசோதகர் வந்து கேட்டு, இல்லை என்றால் அபராதமாம்.

மறுபடி மாடி.

"டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்கோ!"

"நீங்கதான சார் போடச் சொன்னீங்க?"

"அது... விதியை மாத்திட்டான்."

"எப்ப?"

"இப்பதான். அரைமணி ஆறது."

"அங்கயிருந்து உங்களுக்குத் தகவலே வருதா!" சுயம்புலிங்கம் வாயைப் பிளந்தார்.

அன்று சாயங்காலமே சங்கத்து வாட்ஸ்அப்பில் 'பாரிஸ் மாமாவின் பேருதவிக்கு நன்றி' என்று போட்டுவிட்டார். நாற்பது பேர் கைதட்டினார்கள். நான்காம் மாடியிலிருந்து ஒருவர் ரோம் நகர ரயில் பற்றியும் மாமா சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். இரண்டாவது டப்பா முந்திரிக்கொத்தும் வந்து சேர்ந்தது.

வைதேகி அந்த டப்பாவைத் தொடவில்லை.

"ஏன்னா, உங்களுக்கே நன்னாயிருக்கா? பாஷை தெரியாத ஊர்ல அந்தப் பொம்மனாட்டி உங்க பேச்சைக் கேட்டு மாட்டிண்டு நிக்கப் போறா. நீங்க இங்க அவ குடுத்த பட்சணத்தைத் தின்னுண்டு உக்காந்திருப்பேள்."

அதற்குப் பிறகு அவர் லிஃப்டில் ஏறுவதையே விட்டுவிட்டார். படியில் மேலே காலடி கேட்டால்கூடச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். இசக்கியம்மாள் நோட்டோடு ஒரு பாதாள ரயில் நிலையத்தில் விழித்துக்கொண்டு நிற்பது போலவே கண்முன் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரிரங்கனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடி, காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சுயம்புலிங்கம், என்னை மன்னிச்சுடுங்கோ. நான் சொன்ன எதையும் நம்பாதீங்கோ. நான் பாரிஸுக்குப் போகவே இல்லை. விசா கிடைக்கலை. நங்கநல்லூர்ல மச்சினி ஆத்துல ஒளிஞ்சுண்டு இருந்தேன். நீலமும் பொய், வெண்ணெயும் பொய்!"

வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். சுயம்புலிங்கத்தின் முகம் சிவந்தது. இசக்கியம்மாள் நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். இருவரும் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க மாட்டார்கள்தான், அது தனக்கு வேண்டியதுதான் என்று கஸ்தூரிரங்கன் தலையைக் குனிந்துகொண்டார்.

"திட்டுங்கோ, வாங்கிக்கறேன். ஆனா ஏர்போர்ட்ல இறங்கினதும் விவரம் தெரிஞ்ச யார்கிட்டயாவது நன்னா விசாரிச்சுண்டு போங்கோ."

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏர்போர்ட்டா? இன்னா சார் சொல்ற? போன்ல ஊரப்பாக்கம்னுதானே கீது, பத்து நாள் கழிச்சு அங்கேர்ந்தே திருப்பிக் கூட்டியாரணும்னு ஐயா இப்பவே சொல்லி வச்சிக்கீறாரு!"