மிளகுக்கு ஒரு நியாயம், பேட்டுக்கு ஒரு நியாயமா?

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனாலும் இறக்குமதி வரியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க ஆள் வேண்டியதில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சேலத்தில் ஒரு கடையில், பத்துப் பதினைந்து பேர் முன்னால், பெற்ற மகள் பக்கத்தில் நிற்கும்போது அந்த நினைப்பு செத்தது. நினைப்பு செத்ததே தவிர ஆத்திரம் சாகவில்லை. இதை எழுதுவதும் அந்த ஆத்திரத்தில்தான்.

மஞ்சக்குட்டைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. வெளிநாட்டு மிளகுக்கு வரியைக் குறைத்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னால் போதும், நான் மூட்டையைத் தைத்து ஜீப்பில் ஏற்றி ஏற்காட்டில் போய் இறங்குவதற்குள் வியாபாரி விலையை இறக்கியிருப்பார். இன்னும் கப்பலே கிளம்பியிருக்காதே என்று கேட்டால், சேதி வந்துவிட்டதே என்பார். கப்பல் வருமுன் சேதி வரும், சேதி முடியுமுன் விலை விழும். மலையில் மிளகு போடுகிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது. அதுதான் வினை.

என் மகள் தர்ஷினி அப்போது பத்தாவது. பள்ளிக்கூடத்தில் டேபிள் டென்னிஸ் ஆடுவாள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அடுத்த மாதம் சேலத்தில். அவளுடைய பேட்டில் ஒட்டியிருந்த ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. ரப்பர் பந்தைப் பிடித்தால்தான் பந்து சுழலுமாம். இது கொத்தாத அம்மிக்கல் மாதிரி வழுக்கியது. பிள்ளை தினமும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைப்பாள். நல்ல ரப்பர் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, சீக்கிரம் வாங்கிக் கொடுங்கள் என்று விளையாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டே சொன்னார்.

சேலத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது டிவியில் அந்தச் செய்தி வந்தது. விளையாட்டுச் சாமான்களுக்கு இறக்குமதி வரி அடியோடு நீக்கம். அவ்வளவுதான் காதில் விழுந்தது. அதற்குள் கரண்டு போய்விட்டது. (எங்கள் மலையில் காற்று லேசாகத் தும்மினாலே கரண்டு போய்விடும்.) நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். இன்னும் நாலு நாளில் விலை விழப்போகிறது, இன்றைக்குப் போய் வாங்குகிறவன் முட்டாள் என்றேன்.

என் மனைவி சாந்திக்கு இது பிடிக்கவில்லை. “புள்ளைக்கு வேணுமுங்க. வாங்கிப் போட்டுட்டு மறுவேலை பாருங்க” என்றாள். சரி, ஆத்தாளையே கேட்டுவிடுவோம் என்று மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் ஊட்டில் பூ கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்தோம். வெள்ளை வந்தால் காத்திருப்பது, சிவப்பு வந்தால் வாங்குவது. கண்ணை மூடிச் சாந்தி எடுத்தாள். வெள்ளை.

அதற்குப் பிறகு நான் பிடித்த பிடியை யார் விடுவிக்க முடியும்? ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் போயிற்று. மகள் கேட்கும்போதெல்லாம், விலை விழுந்துகொண்டே இருக்கிறது, அடி தொடட்டும் என்றேன்.

போட்டியன்று காலையில்தான் அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்து விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். ஆட்டம் பதினொரு மணிக்கு. கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனுசர். விலை சொன்னார். போன மாதம் டீச்சர் சொன்ன அதே விலை.

“ஏனுங்க, வரிதான் எடுத்துட்டாங்களே, தெரியாதா?” என்று நமட்டுச் சிரிப்போடு கேட்டேன்.

“எடுத்தாங்க. ஆனா எடுத்தது நாம இல்லீங்க, நம்ம சாமான் வாங்கற ஒரு வெளிநாட்டுக்காரங்க.” அவர் நிதானமாகத் தன் போனில் அந்தச் செய்தியைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பினார். “நாம இங்க செய்யற பேட்டு, பந்தெல்லாம் அங்க போனா அவங்க வரி வாங்க மாட்டாங்க. வெளியிலிருந்து இங்க வர்றதுக்கு எப்பவும் போலத்தானுங்க.”

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. எனக்குத் தாங்கவில்லை, ஐயா. நம் ஆள் வியர்வை சிந்திச் செய்த பேட்டு எங்கேயோ இருக்கிற பிள்ளைக்கு மலிவாகப் போகிறது. என் பிள்ளை கையில் தேய்ந்த ரப்பர். கடை நடுவில் நின்று மிளகு வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நான் விற்கிற சாமானுக்கு வரி எடுத்தால் சாயங்காலத்துக்குள் விலை விழுகிறது, நான் வாங்குகிற சாமானுக்கு மட்டும் ஏன் விழவில்லை என்று கேட்டேன். கிரிக்கெட் பந்து வாங்க வந்தவர்கள், கேரம் போர்டு வாங்க வந்தவர்கள், எல்லோரும் வந்த வேலையை விட்டுவிட்டு வட்டமாக நின்றார்கள். ஒருவர் எனக்கு ஸ்டூல் போட்டார்.

தர்ஷினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வாங்கீட்டுத் திட்டுங்கப்பா” என்றாள் மெதுவாக.

இவ்வளவு அறிவான பேச்சை அன்றைக்கு அந்தக் கடையில் வேறு யாரும் பேசவில்லை. நான் கேட்டேனா? இந்த விலைக்கு என் கை காசை எடுக்காது என்று பதினைந்து பேர் முன்னால் சபதம் போட்டுவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

பழைய பேட்டோடு ஆடினாள். இரண்டுக்கு இரண்டு என்று கொண்டுவந்துவிட்டாள். கடைசி ஆட்டத்தில் அவள் சுழற்றி அடிக்க அடிக்கப் பந்து வழுக்கி வலையில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் பேட்டைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். தோற்றாள். அணியில் பேர் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் பாதி மலை ஏறிய பிறகு, “அந்த நாட்டுப் புள்ளைங்க இனி நல்லா ஆடுவாங்கல்லீங்கப்பா?” என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊட்டுக்கு வந்ததும் ஆத்தாள் மேல் கோபப்பட்டேன். இத்தனை வருடம் மாவிளக்கு எடுத்தவனுக்குப் பொய்ப் பூவா கொடுப்பாள் என்று கத்தினேன். சாந்தி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “காத்திருக்கலாமான்னு கேட்டீங்க, காத்திருன்னு சொன்னா. புள்ள செயிக்கோணுமுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே.”

அடுத்த வாரம் தனியாகப் போய், சொன்ன விலைக்கு, வாயே திறக்காமல் வாங்கி வந்தேன். வாய் திறக்கவும் வழியில்லை. கல்லாவுக்கு மேலே அரசியல் பேசாதீர்கள் என்று சில கடைகளில் எழுதியிருப்பார்களே, அதே மாதிரி இங்கே புதிதாக ஓர் அட்டை தொங்கியது: ‘இங்கு வரி பற்றிப் பேச வேண்டாம்.’

மறு வருடம் தர்ஷினி அணிக்குத் தேர்வானாள். சான்றிதழை வாங்கிய கையோடு அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று அடம் பிடித்தாள். சரியாக அந்த அட்டைக்குக் கீழே நின்று, சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்னையே போட்டோ எடுக்கச் சொன்னாள். அம்மாவும் மகளும் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். தினமும் விளக்கேற்றிக் கையெடுத்துக் கும்பிடும்போது முதலில் அம்மன் முகத்தைப் பார்க்கிறேன், அப்புறம் மகள் முகத்தை. அப்புறம், அவள் தலைக்கு மேலே இருப்பதையும் படித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.