அரசலாற்றில் பொய்யிரை

ஓய்வு பெற்ற மறுநாளே ஓர் உறுதி பூண்டேன்: இனி நடப்பதில்லை. கரும்பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் இடையே என் பணிக்காலம் முழுவதும் நடந்தவன் நான். ஒரு மனிதர் வாழ்நாளில் நடக்க வேண்டிய நடையை நடந்து முடித்துவிட்டேன் என்பது என் கருத்து. இந்தக் கருத்தை என் இரத்தத்தில் உள்ள சர்க்கரை ஏற்றுக்கொள்ளவில்லை.

மருத்துவர் உமாமகேஸ்வரி என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் படித்தவர். சந்திப் பிழைக்காக அவரைப் பலமுறை நிற்க வைத்திருக்கிறேன். அன்று அவருடைய விடைத்தாளை நான் எந்த முகத்தோடு பார்த்தேனோ, அதே முகத்தோடு அவர் என் பரிசோதனைத் தாளைப் பார்த்தார்.

“ஐயா, தினமும் ஒரு மணி நேரம் நடந்தே ஆகணும். மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். கொறையலேன்னா இன்சுலின் ஊசிதான்.”

நான் ஊசிக்கு அஞ்சுபவன். காரைக்காலில் இதை அறிந்த ஒரே உயிர் என் மனைவி அமீர் நிஷா. பள்ளிக்குத் தடுப்பூசி போட ஆள் வந்த நாள்களில் எல்லாம் எனக்கு மட்டும் காய்ச்சல் வந்ததை அவள் கவனித்திருக்கிறாள்.

ஆயினும் நடக்க மனம் ஒப்பவில்லை. காலை வேளையில் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். கூட்டம் கூட்டமாகக் கைகளை வீசிக்கொண்டு போகிறார்கள். போன வழியே திரும்பி வருகிறார்கள். எதையும் வாங்கி வருவதில்லை. யாரையும் பார்த்து வருவதில்லை. செல்லுமிடம் இல்லாத நடை, பயனிலை இல்லாத வாக்கியம். கேட்பவன் காத்திருந்து ஏமாற வேண்டும்.

அமீர் நிஷா வாதாடினாள். கெஞ்சினாள். என் சாய்வு நாற்காலியை மாடிக்கு ஏற்றினாள். நான் கீழே இறக்கினேன். பிறகு ஒருநாள் திடீரென்று பேச்சையே நிறுத்திவிட்டாள். நான் வென்றுவிட்டேன் என்று எண்ணினேன். எங்கள் இல்லறத்தில் அவள் பேச்சை நிறுத்திய முந்தைய சமயங்களில் என்ன நடந்தது என்பதை அப்போது நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சில நாள்களில் துபாயிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அவளுடைய தம்பி ரஃபீக், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். வழக்கமாக அவனுடைய பெட்டியில் பேரீச்சம்பழமும் தைலமும் பால்மாவும் இருக்கும். இம்முறை நீண்ட தூண்டிற்கோல் ஒன்று. தூண்டில் நரம்பைச் சுற்றக் கைப்பிடி வைத்த உருளை ஒன்று. பல அறைகள் கொண்ட கண்ணாடிப் பேழை ஒன்று.

பேழையைத் திறந்தேன். நீல முதுகும் வெள்ளி வயிறும் கொண்ட ரப்பர் மீன். இரண்டு கொக்கிகளை வயிற்றுக்கடியில் ஒளித்து வைத்திருந்த பச்சைத் தவளை. ஊதா நிறப் புழு. மூன்று துண்டுகளாக நெளியும் விலாங்கு. இவை போதாவென்று மீசை வைத்த ஓர் எலி. எந்த மீன் எந்த ஆற்றில் எலியைத் தின்றது என்பது எனக்கு விளங்கவில்லை. பேழையின் மேலட்டையில் ஒரு வெள்ளைக்காரர், பெற்ற பிள்ளையைத் தூக்குவதுபோல் ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். உயிருள்ள இரையைப்போல் தோன்றி மீனை ஏமாற்றும் இப்பொருள்களுக்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை. அன்று மாலைக்குள் ‘பொய்யிரை’ என்று ஒரு சொல்லை ஆக்கி முடித்தேன்.

அமீர் நிஷா எட்டிப் பார்த்தாள்.

“அரசலாத்துல பெரிய பெரிய கொடுவா மீனு கெடக்காம். அதப் புடிக்கத்தான் அனுப்பியிருக்கான். ஒங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம். வயசாயிடுச்சு. பக்கத்து வீட்டு மதார் சாகிபுக்குக் குடுத்துடுவோமா?”

மதார் சாகிபு என்னைவிட மூத்தவர். துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘ஞாயிற்றுக்கிழமை’யை ‘ஞாயித்துக்கெழமை’ என்று எழுதக் கூடியவர். அவருக்கு என் பொய்யிரையா?

வாசலுக்குச் சென்று, தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் பொய்யிரை கொண்டு ஒரு கொடுவாவைப் பிடித்து வருவேன். பிடிக்காவிட்டால் என் பெயர் ஜெய்னுலாபுதீன் அன்று.

மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். தூண்டில் நாற்றம் வண்டியில் ஏறக்கூடாது என்று அமீர் நிஷா சாவியை முந்தானையில் முடிந்து வைத்துவிட்டாள். சரி, ஆற்றங்கரை வரைதானே என்று நடந்தேன். அங்கே மதார் சாகிபு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. வாளியில் உயிர் இறால். ஓர் இறாலைக் கொக்கியில் கோத்துத் தண்ணீரில் விடுவார். ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் ஏதேனும் ஒன்று மாட்டும். பணி செய்வதைப்போலவே தோன்றவில்லை.

எனக்கும் அந்த முறை பிடித்திருந்தது. வீட்டில் சொன்னேன். இறால் வாளி இந்த வாசலைத் தாண்டாது என்றாள் அமீர் நிஷா. வாரம் தவறாமல் இறால் வறுக்கும் வீட்டில் இது என்ன சட்டம் என்று கேட்டேன்.

“திங்கிற இறால் வேற, கோக்குற இறால் வேற.”

பொய்யிரைக்கு உரிய முறையை ரஃபீக் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருந்தான். “மச்சான், ஒரே எடத்துல நின்னீங்கன்னா கொடுவா கண்டுபுடிச்சுடும். நாலு தடவ வீசுங்க. கொஞ்சம் நடங்க. திரும்ப வீசுங்க. நடந்துகிட்டே இருக்கணும்.” செயலுக்குப் பயன் இருந்ததால் நான் மறுக்கவில்லை. பாலத்தருகே தொடங்கிக் கலங்கரை விளக்கம் தாண்டி ஆறு கடலில் சேரும் இடம் வரை வீசி வீசி நடந்தேன். வீசி வீசித் திரும்பினேன்.

என் பொய்யிரையை முதன்முதலில் நம்பியது மீன் அன்று, ஒரு பருந்து. வெள்ளி வயிற்று மீனை அந்தரத்திலேயே கௌவிக்கொண்டு போயிற்று. அதன்பின் ஆகாயத்தாமரை மாட்டியது. மூழ்கிக் கிடந்த டயர் மாட்டியது. யாரோ தொலைத்த கைலி ஒன்று மாட்டியது. மீன் அல்லாத அஃறிணை அனைத்தும் மாட்டின. ஒருநாள் உயர்திணையும் மாட்டியது. பின்னால் நடந்துகொண்டிருந்த ஓர் அன்பரின் சட்டைக் காலரைத் தவளை பற்றிக்கொண்டது. அவர் என் பழைய மாணவர். அதனால் அவரே மன்னிப்புக் கேட்டார்.

தினமும் மதார் சாகிபைக் கடந்துதான் திரும்ப வேண்டும். “சார், பொம்மையப் பாத்து மீனெல்லாம் சிரிக்கிது. இப்புடி ஒக்காருங்க, ஒரு இறால் தர்றேன்” என்பார். பொம்மை அன்று, பொய்யிரை என்று திருத்திவிட்டு நடப்பேன்.

வாரங்கள் சென்றன. கைலி இடுப்பில் நிற்கவில்லை. துணியின் தரம் குறைந்துவிட்டது என்று கடைக்காரரிடம் குறை சொல்லி வந்தேன். இரவில் படுத்தவுடன் உறக்கம் வந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. இவற்றை எல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. என் எண்ணம் முழுவதும் கொடுவாவின்மீது இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் காலைப் பொழுதுகள் எனக்குப் பிடித்துப்போயின. ஒவ்வொரு முறை நரம்பு காற்றில் விரிந்து தண்ணீரைத் தொடும்போதும் ‘இதோ’ என்று நெஞ்சு ஒரு நொடி நிமிரும். அந்த ஒரு நொடிக்காக மறுநாளும் போகலாம்.

பெருநாள் நெருங்கியது. இரத்தப் பரிசோதனையும் நெருங்கியது. அன்று மதார் சாகிபு மண்டபத்தூரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். கரையில் நான் மட்டும். முகத்துவாரத்தருகே விலாங்கை வீசி வழக்கம்போல் வேகவேகமாகச் சுற்றினேன். சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. அமீர் நிஷா.

“வர்றப்ப கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. நேத்து மாதிரி பழுத்தது வேணாம்.”

பேசுவதற்காகச் சுற்றுவதை நிறுத்தினேன். இத்தனை வாரமும் தேர்வுக்குப் பயந்த மாணவனைப்போல் ஓடிக்கொண்டிருந்த பொய்யிரை, முதன்முறையாக நின்றது. நோயுற்ற மீனைப்போல் மெல்ல அமிழ்ந்தது. கோல் வளைந்தது.

“கொத்தமல்லி இல்லை. கொடுவா” என்றேன். கைப்பேசி மணலில் விழுந்தது.

அடுத்து நடந்தவற்றை முறையாக விவரிக்க என்னால் இயலாது. அது இழுத்தது, நான் இழுத்தேன். அது நீரில் இருந்தது. ஒரு கட்டத்தில் நானும் நீரில் இருந்தேன். முடிவில் ஒரு முழத்துக்கு மேல் நீளமான கொடுவாவைச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்கிக்கொண்டு, கடற்கரைச் சாலையின் நடுவே நடந்து வந்தேன். பார்த்தவர் பலர். பிடித்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கதவைத் திறந்த அமீர் நிஷா மீனைப் பார்த்தாள். “மாஷா அல்லாஹ்” என்றாள். அந்தச் சொல்லில் உயிர் இல்லை. முகம், பெற்ற பிள்ளை தேர்வில் தவறியதைக் கேட்ட தாயின் முகம். மகிழ்ச்சி மிகுந்தால் சிலருக்கு அப்படி ஆகும் என்று எண்ணிக் குளிக்கச் சென்றேன். குளியலறைச் சன்னல் வழியே அடுக்களையின் பேச்சு கேட்டது.

“ஏண்டா தம்பி, இதுல மீனே மாட்டாதுன்னு கடக்காரனே சொன்னதா சொன்னியே. மாட்டிடுச்சுடா. ஒரு மொழத்துக்கு மேல. இனிமே இந்த மனுசன் வூட்ட வுட்டு எறங்குவாரா?”

ரஃபீக்கின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “லாத்தா, சத்தியமா நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். எதுவுமே மாட்டலேன்னு ஆளுங்க திருப்பிக் குடுத்தத எல்லாம் கடையில ஒரு கூடையில போட்டு வச்சிருந்தான். அதுலேந்துதான் பொறுக்குனேன். மச்சான் எப்புடிப் புடிச்சாருன்னு எனக்கே வெளங்கல.”

ஈரத் துண்டோடு அடுக்களையில் நின்றேன். அமீர் நிஷா பதறவில்லை. அரிவாள்மணையில் அமர்ந்து என் கொடுவாவின் செதிளை உரித்துக்கொண்டே பேசினாள்.

“நடங்கன்னா நடந்தீங்களா? இறாலக் குடுத்தா நாற்காலியப் போட்டு ஒக்காந்துருவீங்க. மீன் மாட்டியிருந்தா ரெண்டு நாள்ல அலுத்துப் போயிருக்கும். கெடைக்காத மீனத் தேடித்தாங்க ஒரு ஆம்பள அம்புட்டுத் தூரம் நடப்பான்.”

வாக்கியத்தில் குற்றம் கண்டுபிடிக்க முயன்றேன். இல்லை.

அன்று அடுப்பில் மீன் ஆணம் கொதித்து மணத்தது. நான் இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன். எஞ்சியதைக் கிண்ணங்களில் ஊற்றி, துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, தெருவில் உள்ள வீடுகளுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். தன் கணவன் பிடித்த மீன் என்னும் பெருமிதம் என்று அதற்குப் பொருள் கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து உமாமகேஸ்வரி பரிசோதனைத் தாளை இருமுறை படித்தார். சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. ஊசி வேண்டாம், ஆனால் நடையை விட்டுவிடாதீர்கள் என்றார். அதன் முற்பகுதியை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கொடுவா கிடைத்தது; ஊசி ஒழிந்தது; ஆகவே நடை முடிந்தது. தூண்டிற்கோலைப் பரணில் ஏற்றச் சொன்னேன்.

“ஒங்க இஷ்டங்க” என்றாள் அமீர் நிஷா. மறுபடியும் பேச்சை நிறுத்தினாள். மறுபடியும் நான் வென்றேன் என்று எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலைவிட்டு வெளியே வந்தேன். பேக்கரி வைத்திருக்கும் காஜா நஜ்முதீன், என் பழைய மாணவர், மரியாதையாக அருகில் வந்தார். ஆணம் மிகவும் சுவையாக இருந்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எந்தப் பண்ணையில வாங்குனீங்க சார்? நம்ம வீட்டுலயும் கேக்குறாங்க.”

இந்தப் பக்கத்தில் கொடுவாவைக் குட்டையில் விட்டுத் தீவனம் போட்டு வளர்க்கிறார்கள். பணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உயிரோடு வாங்கிவரலாம். நான் வாங்கவில்லை, பிடித்தேன் என்றேன். அவர் தலையாட்டினார். வீட்டுப்பாடத்தைக் காற்று அடித்துச் சென்றுவிட்டது என்று சொன்ன மாணவர்களிடம் நான் ஆட்டிய அதே தலையாட்டல். தேநீர்க் கடையில் கேட்டேன். மருந்துக் கடையில் கேட்டேன். தெரு முழுவதும் அதே தலையாட்டல். பொய் சொன்னவர்களைப் பணிக்காலம் முழுவதும் பெஞ்சின்மேல் ஏற்றியவன் நான். இப்போது ஊரே என்னை ஏற்றிவிட்டது.

வீட்டுக்கு வந்து குமுறினேன். அமீர் நிஷா சர்க்கரை இல்லாத தேநீரைக் கையில் கொடுத்தாள்.

“நீங்கதான் புடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. தெருவுக்கு யாரு சொல்றது? நாலு பேரு பாக்க இன்னொண்ணு புடிச்சுக் காட்டுங்க. தானா வாய மூடிருவாங்க.”

பரணில் ஏறிக் கோலை நானே இறக்கினேன்.

மறுநாள் விடியலில் பாலத்தருகே தொடங்கினேன். வீசினேன், நடந்தேன், சுற்றுவதை நடுநடுவே நிறுத்தவும் இப்போது தெரியும். பாதி வழியில் மதார் சாகிபு நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவராவது என்னை நம்புவார் என்று நியாயம் கேட்டேன். பண்ணை மீன் என்று தெருவில் கிளப்பிவிட்டவர் யார் என்று அவருக்குத் தெரியுமா?

அவர் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார். “என்ன சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க. ஒங்க வீட்டுலதான். கிண்ணத்தக் குடுக்குறப்ப எல்லா வீட்டுலயும் சொல்லிட்டுப் போனாங்க. ‘பண்ணை மீன் மாதிரிதான் இருக்கு, சார்ட்ட மட்டும் கேட்டுடாதீங்க, மனசு நொந்துடுவாரு’ன்னு.”

திரும்பிப் பார்த்தேன். பின்னால் வீடு. முன்னால் கலங்கரை விளக்கம். இரண்டும் ஒரே தொலைவில் இருந்தன. எந்தப் பக்கம் போனாலும் நடந்தே ஆக வேண்டும்.