மிதந்து போன மூன்று எல்லைகள்

ஒழிப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஆகாயத்தாமரையை ரசித்தவள் நான். பெங்களூரு வைட்ஃபீல்ட் பக்கத்து ஏரி ஒன்றில் பாதிக்கு மேல் அது ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. காலைப் பனியில் பார்த்தால் வேலைக்கு வந்ததே மறந்துவிடும்.

அடியில் மீன்களுக்கு மூச்சு முட்டியது. கோடைக்குள் அள்ளாவிட்டால் எல்லாம் செத்து மிதக்கும், தன் பிழைப்பும் போய்விடும் என்றார் மீன் குத்தகைதாரர் முனியப்பா. ஏரிக் குழுவின் ஒருங்கிணைப்பாளரான நான், மீனுக்கு, மரத்துக்கு, சாக்கடைக்கு என்றிருந்த மூன்று துறைகளையும் ஒரே நாளில் வரவழைக்க மாதக்கணக்கில் நடையாய் நடந்தேன். யார் பங்கு எதுவரை என்று குறித்துக் காட்டினால் இயந்திரத்தோடு வருவதாகச் சொன்னார்கள்.

அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு குழுவின் பங்கையும் பாறையில் சுண்ணாம்பால் குறித்த கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான் (அந்த அறிவு வீண் போகலாமா?). முந்தின நாள் மாலை முனியப்பாவின் பரிசலில் போய், சிவப்பு, மஞ்சள், பச்சைக் கொடிகளைச் செடிகளுக்கு நடுவே வரிசையாகச் செருகினேன். முனியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கிற நிலையில் இல்லை. பரிசல் மெல்லச் சுழன்றது, பூக்களும் சுழன்றன, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு வரப்போகும் பாராட்டுக் கடிதத்தின் வாசகத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஏரி துடைத்துவிட்ட வானத்தைப் போலக் கிடந்தது. இரவுக் காற்று, மிதக்கும் அந்த மொத்தச் செடியையும் மதகு மூலைக்குத் தள்ளியிருந்தது. மூன்று நிறக் கொடிகளும் ஒன்றோடொன்று கலந்து அங்கே ஆடின. அழகாகத்தான் இருந்தது (இப்போதும் சொல்வேன்). கரையில் நின்ற மூன்று அதிகாரிகளும் அது தங்கள் பங்கில்லை என்று கன்னடத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு ஜீப்புகளை நோக்கி நடந்தார்கள். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முனியப்பா குறுக்கே போய் நின்றார்.

"சார், நீங்க எத்தனை மீட்டிங் போட்டாலும் இது இப்படி ஒரே எடத்துல சேராது. காத்து சேர்த்துக் குடுத்திருக்கு. மத்தியானம் காத்து திரும்பிட்டா செடி ஏரி பூரா பரவிடும்."

மீன்துறை அதிகாரிதான் முதலில் சிரித்தார். பிறகு மூன்று இயந்திரங்களும் ஒரே மூலையில் இறங்கின. யார் பங்கு என்று யாரும் கேட்கவில்லை. மீன்கள் பிழைத்தன.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா காபிக்கு முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். அப்படியும் கல்யாணம் நடந்தது. இப்போது சோபாவை எங்கே போடலாம் என்று நான் கேட்டால், என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார்.