நீதவான் கேட்க வேண்டிய வார்த்தை

“கெட்ட வார்த்தைன்னா கெட்ட வார்த்தைதானுங்க. அதுக்கு மேல என்ன வேணும்?” என்று சாட்சிக் கூண்டில் நெஞ்சை நிமிர்த்தினார் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை பழனியாண்டி.

வேண்டுமாம். பொது இடத்தில் ஒருத்தி ஆபாசமாகப் பேசினாள் என்றால், பேசியது ஆபாசம்தானா என்று ஹட்டன் நீதவான் காதால் கேட்டுத் தீர்மானிக்க வேண்டுமாம். நல்ல சட்டம்!

எதிர்க் கூண்டில் பேச்சியம்மா நின்றாள். அவள் மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை முத்தல் என்று பழனியாண்டி தரையில் கொட்ட, நாலு பேர் பார்க்க அவரைத் திட்டிவிட்டாள். குற்றம் உறுதியானால் அவளைப் பிள்ளைகளோடு லயத்து வீட்டைவிட்டுத் துரத்துவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். பழனியாண்டிக்கோ பெரிய கணக்கப்பிள்ளையாக உத்தியோக உயர்வு தருவதாக வாக்கு. மனுஷன் புதுக் கோட்டுக்குத் துணிகூட எடுத்துவிட்டார்.

“சபையில வேணாமுங்க, காதுல சொல்றேன்” என்று மொழிபெயர்ப்பாளர் துரைராசாவை அருகில் அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. முதல் வார்த்தையிலேயே காதைப் பொத்திக்கொண்டார்.

“சிவ சிவா! இதை என்ரை வாயால எப்பிடி இங்கிலீசில சொல்லுறது?”

நீதவான் முறைக்கவும் அவசரமாக எதையோ சொல்லிவைத்தார். நீதவான் சிரித்துவிட்டார்.

“‘உமக்கு நல்ல குணமில்லை’ எண்டு அவ சொன்னதாச் சொல்லிப்போட்டன். அது ஆபாசமில்லையாம், வழக்கைத் தள்ளப்போறாராம்” என்றார் துரைராசா.

பழனியாண்டி கூண்டிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டார். கைக்கு வந்த உத்தியோகம் போகிறதே!

“ஐயையோ, அவ சொன்னது அது இல்லீங்க!”

“அப்ப எல்லாரும் கேக்க நீரே சொல்லும் எண்டுறார்.”

இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? பழனியாண்டி தொண்டையைக் கனைத்தார். மலைக்கு மலை கேட்கிற குரலில், தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் ஒருவரையும் விடாமல் எடுத்துவிட்டார். அடேயப்பா, என்ன சரளம்! ஓரிடத்தில்கூட நாக்கு தடுக்கவில்லை. துரைராசா நாற்காலியில் சரிந்தார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் விருட்டென்று எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள்.

“பாத்தீங்களா சாமி!” பழனியாண்டி பூரித்துப்போனார். “பொம்பளைங்க காது கொடுத்துக் கேக்க முடியாம ஓடுறாங்க. இதவிட அத்தாட்சி வேணுமா?”

நீதவான் கைகாட்ட, துரைராசா பெண்களைத் தடுத்து நிறுத்தினார். “ஏன் எல்லாரும் எழும்பிப் போறியள்?”

முன்னால் போன வீரம்மா திரும்பிக் கும்பிட்டாள்.

“மன்னிச்சிருங்க சாமி, தெனமும் விடியக்காலம் கணக்கப்பிள்ளை ஐயா எங்கள வேலைக்குக் கூப்புடுறது இப்படித்தானுங்க, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் காலு தானா மலைக்குக் கெளம்பிருச்சு.”